மலையேற ஏற்ற கியர்: ரோடு பைக்கின் பல் கணக்கு

ரோடு பைக்கில் மலையேறும்போது முட்டி நோவதற்கும் பாதி வழியில் இறங்கித் தள்ளுவதற்கும் உடல் தகுதிக் குறைவுதான் காரணம் என்று பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். பயிற்சியைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நண்பர்களும் சொல்கிறார்கள். பயிற்சியால் பலன் உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் ஏற்காட்டுக்கோ கொல்லிமலைக்கோ வால்பாறைக்கோ கிளம்பும் பலருடைய வண்டியில், அவர்கள் உடலில் இப்போது இருக்கும் வலுவைக் கொண்டு சீராக மிதித்து ஏறுவதற்கான கியரே இருப்பதில்லை. இதைச் சில எளிய கணக்குகளால் காட்டிவிட முடியும். குறையைப் போக்குவதற்கு ஆகும் செலவும், இலேசான சக்கரங்களுக்கும் கார்பன் சட்டகத்துக்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

கியர் விகிதம் என்பது முன்னால் பெடலோடு சேர்ந்து சுற்றும் பல்வட்டமான செயின்ரிங்கின் பற்களைப் பின்னால் இருக்கும் பல்சக்கரத்தின் பற்களால் வகுத்தால் கிடைக்கும் எண். முன்னால் 34 பல், பின்னால் 28 பல் என்றால் விகிதம் 1.21, அதாவது பெடல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்போது பின்சக்கரம் 1.21 முறை சுற்றும். ரோடு பைக்கின் 700சி சக்கரத்தின் சுற்றளவு, டயரின் அகலத்தைப் பொறுத்து, ஏறத்தாழ 2.1 மீட்டர். ஆகவே 34/28 கியரில் ஒவ்வொரு மிதிச் சுற்றுக்கும் வண்டி 2.55 மீட்டர் முன்னேறும். முன்னாலும் பின்னாலும் 34 பல் இருந்தால் 2.1 மீட்டர் முன்னேறும். முன்னால் 30 பல், பின்னால் 34 பல் என்றால் 1.85 மீட்டர்தான். ஒரு சுற்றுக்குக் கடக்கும் தூரம் குறையக் குறைய அந்தச் சுற்றுக்குத் தேவைப்படும் விசையும் அதே அளவில் குறைகிறது. மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறுவதற்கும் ஒவ்வொன்றாக ஏறுவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது: ஏறும் உயரம் மாறுவதில்லை, ஒவ்வொரு அடிக்கும் காலில் விழும் சுமை மாறுகிறது.

மலை என்ன கேட்கிறது?

சரிவைச் சதவீதத்தில் சொல்வது வழக்கம். 100 மீட்டர் போவதற்குள் 8 மீட்டர் உயர்ந்தால் அது 8 சதவீதச் சரிவு. இந்த எண்ணின் கடுமையை உணர நீலகிரி மலை ரயிலைப் பார்த்தால் போதும். 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை திறக்கப்பட்ட அந்தப் பாதையில், கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே சரிவு ஏறத்தாழ 12-க்கு 1, அதாவது 8 சதவீதத்துக்குச் சற்று மேல். வழவழப்பான தண்டவாளத்தில் சக்கரத்தின் பிடிப்பை மட்டும் நம்பி அந்தச் சரிவில் ரயிலை ஏற்ற முடியாது என்பதால்தான் நடுவில் பல் தண்டவாளம் பதித்து, எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்வி ஏறும்படி அமைத்தார்கள். சாலைகளில் இவ்வளவு சரிவு தொடர்ந்து வருவது குறைவு. மலைச் சாலைகளுக்கு இந்தியச் சாலைகள் பேரவையின் நெறிமுறை வகுத்திருக்கும் வழக்கமான சரிவு 5 முதல் 6 சதவீதம். தவிர்க்க முடியாத இடங்களில் 7, 8 வரை போகலாம். பழைய மலைப்பாதைகள் எல்லாம் இந்த எல்லைக்குள் அடங்குவதில்லை. மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக உதகைக்கு 36 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் பாதை, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறும் பாதையைவிட எவ்வளவு செங்குத்தானது என்பதை அதில் ஏறியவர்கள் மறக்க மாட்டார்கள்.

சராசரிச் சரிவு ஏமாற்றக்கூடியது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உதகை சுமார் 2,240 மீட்டர். சாலைத் தூரம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் என்பதால் சராசரி 4 சதவீதத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் கல்லாறு வரை பாதை கிட்டத்தட்டச் சமதளம். அதற்குப் பிறகுதான் மலை தொடங்குகிறது. கியரைத் தேர்ந்தெடுக்கும்போது சராசரியைப் பார்க்காமல், குறைந்தது அரை மணி நேரமாவது விடாமல் தொடரும் கடுமையான பகுதியின் சரிவைப் பார்க்க வேண்டும்.

இனி மனிதனைக் கணக்கில் சேர்ப்போம். ஓட்டுபவரின் எடை 70 கிலோ, வண்டி 10 கிலோ, தண்ணீர், உடை, பஞ்சர் பொருட்கள் எல்லாம் 5 கிலோ, ஆக மொத்தம் 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து 150 வாட் திறனை வெளிப்படுத்தக்கூடியவர் என்றும் கொள்வோம். வாரம் சில நாட்கள் ஓட்டும் ஒருவருக்கு இது நியாயமான அளவு. 8 சதவீதச் சரிவில் இந்த எடையைப் புவியீர்ப்பு பின்னோக்கி இழுக்கும் விசையும் டயரின் உருளல் தடையும் சேர்ந்து சுமார் 71 நியூட்டன். அந்த வேகத்தில் காற்றின் தடை பொருட்படுத்த வேண்டாத அளவுக்குச் சிறியது. செயினில் கொஞ்சம் இழப்பதையும் கழித்தால், இவர் மணிக்கு 7.3 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 122 மீட்டர் ஏறுவார். வேகத்தைத் தீர்மானிப்பது அவருடைய திறனும் எடையும் சரிவும்தான். கியர் இதில் தலையிடுவதில்லை. அந்த வேகத்தில் கால்கள் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பதைத்தான் கியர் தீர்மானிக்கிறது.

பழைய பந்தய வண்டிகளின் 39/25 கியரில் இவருடைய கால் நிமிடத்துக்கு 37 சுற்றுதான் சுற்றும். இன்று பரவலாக இருக்கும் 34/28-இல் 48 சுற்று. 34/32-இல் 55, 34/34-இல் 58, 30/34-இல் 66, 30/36-இல் 70. சமதளத்தில் 80 முதல் 90 வரை சுற்றிப் பழகிய கால், மலையில் 65, 70 வரை இறங்கினாலும் தாளம் கெடாமல் இயங்கும். 50-க்குக் கீழே போனால் ஒவ்வொரு மிதியும் தனித்தனி உந்தலாகிவிடுகிறது. சரிவு 12 சதவீதமாகும்போது வேகம் மணிக்கு 5 கிலோமீட்டராகச் சுருங்கி, 34/28-இல் 33 சுற்றாகவும் 30/34-இல் 45 சுற்றாகவும் குறைகிறது. 4 சதவீதச் சரிவிலோ இதே மனிதர் மணிக்கு 13 கிலோமீட்டர் வேகத்தில் 34/28 கியரில் 85 சுற்றுச் சுற்றிக்கொண்டு சுகமாக ஏறிவிடுவார். நகரத்துப் பாலங்களிலும் புறவழிச்சாலை மேடுகளிலும் எந்தக் குறையும் தெரியாமல் ஓட்டியவர்கள் முதல் முறையாக மலைப்பாதைக்குப் போனதும் திகைத்துப்போவதற்கு இதுவே காரணம்.

இதே 8 சதவீதச் சரிவில் ஒரு தொழில்முறைப் பந்தய வீரரைப் பொருத்திப் பார்த்தால் உண்மை இன்னும் தெளிவாகும். 65 கிலோ எடையுள்ள ஒருவர் கிலோவுக்கு 6 வாட் வீதம் 390 வாட் கொடுத்தால், அவர் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவார். 39/25 கியரில் அவருடைய கால் நிமிடத்துக்கு 100 சுற்றுக்கு மேல் சுற்றும். அவருக்கு அதுவே தாராளமாகக் குறைந்த கியர். நம்முடைய 150 வாட் ஓட்டுநரும் அவரைப் போல 100 சுற்றுச் சுற்றி ஏற விரும்பினால் அவருடைய கியர் விகிதம் அந்த வீரருடையதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாக மட்டுமே இருக்க வேண்டும். மிதிவேகம் அவ்வளவு வேண்டாம், 60 போதும் என்றாலும் விகிதம் 1-க்குக் கீழே இறங்கியே ஆக வேண்டும். திறன் குறைந்தவருக்கே குறைந்த கியர் அதிகம் தேவை. ஆனால் பல ஆண்டுகளாகக் கடைகளில் விற்கப்பட்ட ரோடு பைக்குகளில் வேகமானவருக்கு ஏற்ற கியர்தான் எல்லாருக்கும் கிடைத்துவந்தது.

முட்டியில் விழும் சுமையை இதே எண்களிலிருந்து பெறலாம். 150 வாட் திறனை நிமிடத்துக்கு 37 சுற்றில் கொடுக்கும்போது, பெடலைத் தாங்கும் கம்பியான 170 மில்லிமீட்டர் கிராங்கின் முனையில் சராசரியாக 23 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். 66 சுற்றில் அது 13 கிலோவாகக் குறைகிறது. இவை சுற்று முழுவதற்குமான சராசரி. பெடல் கீழே இறங்கும் கட்டத்தில் உச்ச விசை ஏறத்தாழ இதைப் போல் இரண்டு மடங்கு வரும். ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஏறும் மலையில் ஆயிரக்கணக்கான முறை இந்த விசை முட்டியில் விழுகிறது. தசை களைத்தால் ஓரிரு நாளில் தேறிவிடும். முட்டிச்சில்லைச் சுற்றி வரும் வலி அப்படி எளிதில் போவதில்லை. நாற்பது வயதைக் கடந்து சைக்கிளுக்கு வரும் நண்பர்களிடம் முதலில் கியரை மாற்றுங்கள் என்று நான் வலியுறுத்துவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

கொண்டை ஊசி வளைவுகள் இந்தக் கணக்கை மேலும் கடுமையாக்குகின்றன. வளைவின் உள்விளிம்பு சுருக்கமான வழி என்பதால் அதே உயரத்தைக் குறைந்த தூரத்தில் ஏற வேண்டியிருக்கிறது. நாம் சாலையின் இடப்பக்கம் போகிறவர்கள். ஆகவே இடப்பக்கம் திரும்பும் ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் நமக்குக் கிடைப்பது அந்தச் செங்குத்தான உள்விளிம்பே. எதிரே பேருந்து இறங்கிக்கொண்டிருக்கும்போது வெளிப்பக்கம் ஒதுங்கவும் இடமில்லை. காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறும் பாதையில் இப்படி 70 வளைவுகள். அந்தச் சில மீட்டர்களுக்காக ஒரு கியர் மிச்சம் வைத்திருப்பவர் உட்கார்ந்தபடியே வளைவைக் கடப்பார். மற்றவர் எழுந்து நின்று மிதித்து, ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் வலுவை இழப்பார்.

இந்த நிலை எப்படி வந்தது?

குறைந்த கியரைக் கௌரவக் குறைவாகப் பார்க்கும் மனப்பான்மை சைக்கிள் பந்தயத்தின் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. பிரான்சின் செயிண்ட் எத்தியென் நகரைச் சேர்ந்த பால் டி விவி, ‘வெலோசியோ’ என்ற புனைபெயரில் எழுதியவர், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே மலைப்பயணத்துக்குப் பல கியர்கள் வேண்டும் என்று வாதாடினார். தாமே பல அமைப்புகளைச் சோதித்தும் பார்த்தார். 1903-இல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்றி தெக்ரான்ஜ் இதற்கு நேர் எதிர்த் தரப்பு. வெற்றி தசையின் வலுவால் வர வேண்டும், கருவியின் உதவியால் வரக்கூடாது என்பது அவர் நிலைப்பாடு. 1910-இல் அந்தப் பந்தயம் பிரனீஸ் மலைத்தொடரின் தூர்மலே கணவாயில் ஏறியபோதும், அதற்குப் பிறகு பல ஆண்டுகளும், வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றி மறுபக்கம் திருப்பி மாட்டி, அங்கிருக்கும் பெரிய பல்சக்கரத்தைப் பயன்படுத்தினார்கள். செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் டீரெய்லர் அந்தப் பந்தயத்தில் 1937-இல்தான் அனுமதிக்கப்பட்டது. விதி மாறினாலும் மனப்பான்மை மாற நெடுங்காலம் பிடித்தது. முன்னால் 53/39 (53 பல், 39 பல் என இரு செயின்ரிங்குகள்), பின்னால் மிகப் பெரியது 23 அல்லது 25 பல் என்ற பந்தய அமைப்பே நல்ல ரோடு பைக்கின் அடையாளமாக நீடித்தது. 50/34 என்னும் ‘காம்பாக்ட்’ கிராங்க் பரவலானது 2000-க்குப் பிறகுதான்.

இப்போது பந்தய வீரர்களே இதில் வழிகாட்டுகிறார்கள். சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோ நிறுவனத்தின் உச்சப் பந்தயக் கியர் தொகுப்பான டியூரா-ஏஸ், 2016-இல் வந்த தலைமுறையில் பின்னால் 30 பல் வரை ஏற்றது. 2021-இல் வந்த தலைமுறையில் 34 பல் வரை போகும் கேசட், அதாவது பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கு, கிடைக்கிறது. அதே நிறுவனத்தின் ‘105’ என்னும் 12 கியர் (பின்னால் 12 பல்சக்கரங்கள்) தொகுப்பில் 36 பல் வரை போகலாம். ஆக, இன்று புதிதாக வாங்குபவர் சரியான கேசட்டைக் கேட்டு வாங்கினாலே பெரும்பகுதிச் சிக்கல் தீர்ந்துவிடும். கீழே சொல்லப்போவது ஏற்கெனவே வண்டி வைத்திருப்பவர்களுக்கு.

பின்பக்கத்தில் தொடங்குவது

மாற்றங்களில் எளிதானது பின்சக்கரத்தின் கேசட்டை மாற்றுவது. 11-28 கேசட்டை (சிறிய பல்சக்கரம் 11 பல், பெரியது 28 பல்) எடுத்துவிட்டு 11-34 போட்டால், முன்னால் 34 பல் இருக்கும் வண்டியின் கடைசிக் கியர் 1.21-இலிருந்து 1.0 ஆகிறது, அதே வேகத்துக்குத் தேவைப்படும் மிதிவிசை 18 சதவீதம் குறைகிறது. வண்டியின் எடையில் ஒரு கிலோ குறைக்கப் பெரும்பணம் செலவிடுபவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்: 85 கிலோவில் ஒரு கிலோ என்பது 1.2 சதவீதம்தான்.

பெரிய கேசட்டைப் பின் டீரெய்லர் ஏற்குமா என்பதே முதல் கேள்வி. இதில் இரண்டு எல்லைகள் உண்டு. ஒன்று, அதன் மேல் உருளை மோதாமல் அடியில் போகக்கூடிய மிகப் பெரிய பல்சக்கரம். மற்றொன்று, அது இழுத்துப் பிடிக்கக்கூடிய செயின் தளர்ச்சியின் மொத்த அளவு. இதைக் கொள்ளளவு என்பார்கள். முன்பக்க இரு செயின்ரிங்குகளின் பல் வித்தியாசத்தையும் கேசட்டின் பெரிய, சிறிய பல்சக்கரங்களின் வித்தியாசத்தையும் கூட்டினால் தேவையான கொள்ளளவு கிடைக்கும். 50/34 கிராங்கோடு 11-34 கேசட் என்றால் 16-ம் 23-ம் சேர்ந்து 39. ஷிமானோ 105 ஆர்7000 தொகுப்பில் குட்டைக் கூண்டு (டீரெய்லரின் உருளைகளைத் தாங்கும் பகுதி) கொண்ட எஸ்எஸ் வகை 30 பல்லையும் 35 கொள்ளளவையும், நீளக் கூண்டு கொண்ட ஜிஎஸ் வகை 34 பல்லையும் 39 கொள்ளளவையும் ஏற்கும். அதற்கு முந்தைய 5800 தலைமுறையில் இந்த எல்லை எஸ்எஸ்ஸுக்கு 28, ஜிஎஸ்ஸுக்கு 32. ஷிமானோவின் இன்னொரு தொகுப்பான 10 கியர் டியாக்ரா 4700-இல் ஜிஎஸ் வகை 34 வரை போகும். டீரெய்லரின் உட்பக்கத்தில் பொறித்திருக்கும் மாடல் எண்ணைப் படித்துவிட்டுக் கடைக்குப் போனால் பாதி வேலை முடிந்தது.

நிறுவனம் சொல்லும் எல்லை சற்றுப் பாதுகாப்பாகவே வகுக்கப்பட்டது. சட்டகத்தில் டீரெய்லர் தொங்கும் ஹேங்கரின் நீளம் வண்டிக்கு வண்டி மாறும் என்பதால், 30 பல் எல்லை கொண்ட கருவியில் 32 பல் பெரும்பாலும் பொருந்திவிடும். பி-டென்ஷன் திருகை உள்ளே முடுக்கி, மேல் உருளைக்கும் பெரிய பல்சக்கரத்துக்கும் இடையே சில மில்லிமீட்டர் இடைவெளி வரவழைக்க முடிகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். அதற்கு மேலும் போக, டீரெய்லரைக் கீழே இறக்கித் தொங்கவிடும் நீட்டிப்புத் துண்டுகள் உண்டு. வுல்ஃப் டூத் நிறுவனத்தின் ரோட்லிங்க் அவற்றில் பெயர்பெற்றது. அது முதல் எல்லையைத்தான் உயர்த்தும், கொள்ளளவைக் கூட்டாது. சிறிய பல்சக்கரங்களில் கியர் மாறும் துல்லியமும் கொஞ்சம் குறையும். கிடைக்குமானால் நீளக் கூண்டு டீரெய்லரையே வாங்கிப் பொருத்துவது நல்லது என்பது என் கருத்து.

டீரெய்லரை மாற்றும்போது பொருத்தப்பாட்டைக் கவனிக்காதவர்கள் பணத்தை வீணாக்குகிறார்கள். கியர் மாற்றும் பிடியான ஷிஃப்டர் ஒரு சொடுக்குக்கு எவ்வளவு கேபிளை இழுக்கிறதோ, டீரெய்லர் அதற்கு ஏற்ற அளவு நகர வேண்டும். ஷிமானோவின் 8, 9 கியர் ரோடு ஷிஃப்டர்களோடு அதே நிறுவனத்தின் 9 கியர் மலை பைக் டீரெய்லர்கள் இணங்கி வேலை செய்யும். பழைய வண்டிகளுக்கு இது மலிவான, நம்பகமான வழி. 10 கியர் மலை பைக் டீரெய்லர்களில் இந்த அளவு மாறிவிட்டதால் அவை சேராது. டியாக்ரா 4700-ம் 10 கியர்தான் என்றாலும், அதன் கேபிள் இழுப்பு 11 கியர் தொகுப்புகளைப் போன்றது. முந்தைய 10 கியர் டியாக்ராவின் பாகங்களோடு அது ஒத்துப்போகாது. கியர் எண்ணிக்கை ஒன்றாக இருப்பதால் பாகங்களும் பொருந்தும் என்று நம்பி வாங்குபவர்கள் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள்.

பின்சக்கரத்தின் மையத்தில் கேசட் உட்காரும் பகுதியான ஃப்ரீஹப்பில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. ஷிமானோவின் 11 கியர் ரோடு கேசட்டுகளுக்கு, 10 கியர் காலத்து ஃப்ரீஹப்பைவிட 1.85 மில்லிமீட்டர் நீளமானது வேண்டும். ஆனால் எச்ஜி700, எச்ஜி800 என்னும் 11-34 கேசட்டுகள், பெரிய பல்சக்கரம் ஆரக்கம்பிகள் பக்கம் சற்று உள்வாங்கி அமைந்திருப்பதால், பழைய 10 கியர் ஃப்ரீஹப்பிலேயே உட்காரும். 11 கியர் ஃப்ரீஹப்பில் போடும்போது அதே 1.85 மில்லிமீட்டர் வளையத்தை முதலில் நுழைக்க வேண்டும். அந்த வளையத்தை மறந்தால் கேசட் ஆடும். மெக்கானிக் வேலை செய்யும்போது அருகில் நின்று இதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

செயின் விஷயத்தில் சிக்கனம் கூடாது. பின்னால் 4 பல் கூடினால் செயின் ஏறத்தாழ ஓர் அங்குலம், அதாவது இரண்டு இணைப்புகள் நீள வேண்டும். 28-இலிருந்து 34-க்குப் போகும்போது 4 இணைப்புகள் கூடுதலாக வைப்பது சரி. பழைய செயினை அப்படியே விட்டுவிட்டால், என்றாவது ஒருநாள் கவனமின்றிப் பெரிய செயின்ரிங்கிலிருந்து பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றும்போது செயின் விறைத்து டீரெய்லரை முறித்துவிடும். ஹேங்கர் உடையலாம், சட்டகமே சேதப்படலாம். மேலும், தேய்ந்த செயின் புதிய கேசட்டில் வழுக்கித் தாவும். புதிய கேசட்டோடு புதிய செயினையும் போடுவதே முறை.

முன்பக்கம்

பின்னால் எவ்வளவு போனாலும் போதாது என்பவர்கள் முன்பக்கத்தைத் தொட வேண்டும். 53/39 கொண்ட பழைய கிராங்கில் செயின்ரிங் ஆணிகள் அமைந்த வட்டத்தின் விட்டம் 130 மில்லிமீட்டர். அதில் 38 பல்லுக்குக் கீழே பொருத்த இடமே இல்லை. ஆகவே கிராங்கையே மாற்ற வேண்டும். 110 மில்லிமீட்டர் விட்டம் கொண்ட காம்பாக்ட் கிராங்கில் 34 பல் வழக்கமான கீழெல்லை. ஷிமானோவின் நான்கு கைகள் கொண்ட ரோடு கிராங்குகளில் 53/39, 52/36, 50/34 எல்லாவற்றுக்கும் விட்டம் 110 என்பதால், 52/36 வைத்திருப்பவர் செயின்ரிங்குகளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். உள்ளே இருக்கும் 36-ஐ மட்டும் 34 ஆக்கினால் வித்தியாசம் 18 ஆகிவிடும். முன் டீரெய்லர் ஏற்பது 16 வரைதான். எல்லையை மீறினால் செயின் உள்பக்கம் கழன்று சட்டகத்தில் உரசும் வாய்ப்பு கூடுகிறது.

34-க்கும் கீழே போக இப்போது நல்ல வழி 46/30 கிராங்க். கரடுமுரடான மண், சரளைப் பாதைகளுக்கான கிராவல் பைக்குகளுக்காக 2019-இல் வந்த ஷிமானோ ஜிஆர்எக்ஸ் தொகுப்பில் ஆர்எக்ஸ்600 என்ற பெயரில் இது கிடைக்கிறது. இதன் சிறப்பு, முன்பக்க வித்தியாசம் அதே 16 ஆக நீடிப்பது. ஆகவே 11-34 கேசட்டோடு சேர்ந்தாலும் கொள்ளளவு 39-ஐத் தாண்டுவதில்லை, ஜிஎஸ் டீரெய்லர் அப்படியே போதும். கடைசிக் கியர் 0.88 ஆகிவிடும். கவனிக்க வேண்டியவை இரண்டு. இந்த கிராங்கின் செயின் கோடு (செயின்ரிங்குகள் சட்டகத்தின் நடுவிலிருந்து தள்ளி நிற்கும் அளவு) ரோடு கிராங்கைவிட 2.5 மில்லிமீட்டர் வெளியே தள்ளி இருப்பதால், அதே அளவு தள்ளி அமைக்கப்பட்ட ஜிஆர்எக்ஸ் முன் டீரெய்லரை அதோடு வாங்குவதே பொருத்தம். மேலும், 50-இலிருந்து 46-க்குப் போகும்போது செயின்ரிங்கின் ஆரம் 8 மில்லிமீட்டர் குறைகிறது. முன் டீரெய்லரையும் அவ்வளவு கீழே இறக்க வேண்டும். பட்டை போட்டு இறுக்கும் வகையில் சிக்கல் இல்லை. சட்டகத்தோடு பற்றவைத்த தாங்கியில் அதன் துளை அவ்வளவு கீழே இறங்குமா என்று வாங்குவதற்கு முன்பே அளந்து பார்க்க வேண்டும்.

50/39/30 என மூன்று செயின்ரிங் கொண்ட பழைய வண்டி கிடைத்தால் அதைக் குறைவாக எண்ண வேண்டாம். புதிதாக அப்படி மாற்றுவதற்கு கிராங்க், இடப்பக்க ஷிஃப்டர், முன் டீரெய்லர் எல்லாம் மாற வேண்டும் என்பதால் இன்று அது செலவுக்கு ஏற்ற வழியாகாது. ஏற்கெனவே இருப்பவருக்கோ, 39 பல்லில் நாள் முழுவதும் ஓட்டிவிட்டு, மலையில் மட்டும் 30-க்கு இறங்கும் வசதியான ஏற்பாடு.

விலை குறைந்த 7 கியர் ரோடு பைக்குகளில் பெரும்பாலும் கேசட் இருக்காது. சக்கரத்தின் மையத்தில் மரையாக முறுக்கி ஏற்றும் ஃப்ரீவீல் இருக்கும். அதைக் கழற்றத் தனிக் கருவி வேண்டும். 14-28 பல் ஃப்ரீவீலுக்குப் பதிலாக 14-34 பல் ஃப்ரீவீல் மலிவாகவே கிடைக்கிறது. டீரெய்லர் ஏற்குமானால், மிகக் குறைந்த செலவில் ஒரு மாணவரின் வண்டியும் மலையேறிவிடும்.

எதை இழக்கிறோம்?

எந்த மாற்றத்துக்கும் ஒரு விலை உண்டு. 11-28 கேசட்டில் 11, 12, 13, 14, 15 என்று சிறிய பல்சக்கரங்கள் ஒவ்வொரு பல்லாக ஏறுகின்றன. 11-34-இல் 11, 13, 15, 17 என்று இரண்டிரண்டாகத் தாவுகின்றன. சமதளத்தில் குழுவாக வேகமாகப் போகும்போது, ஒரு கியர் கனமாகவும் அடுத்தது இலேசாகவும் தோன்றி, வேண்டிய மிதிவேகம் நடுவில் எங்கோ நின்றுவிடும். பந்தயத்தில் ஓட்டுபவருக்கு இது உண்மையான குறை. அவர் இரண்டு கேசட்டுகளை வைத்துக்கொண்டு, மலைக்குப் போகும் வாரம் மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கருவிகள் இருந்தால் கால்மணி நேர வேலை. நீண்டதூரப் பயணம் செய்பவருக்கும், 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய பிரெவே ஓட்டங்களில் கலந்துகொள்பவருக்கும் இந்த இடைவெளி சில நாட்களில் பழகிவிடும்.

உச்ச வேகத்தை இழப்போம் என்ற அச்சத்துக்கு அடிப்படை குறைவு. 50/11 கியரில் நிமிடத்துக்கு 90 சுற்றுச் சுற்றினால் வேகம் மணிக்கு 51.5 கிலோமீட்டர், 46/11-இல் 47. சமதளத்தில் இந்த வேகத்தைத் தொடர்ந்து பிடிக்கக்கூடியவர்கள் நம்மில் மிகச் சிலரே. மலையிறக்கத்தில் அந்த வேகம் வரும்போது மிதிப்பதை நிறுத்திவிட்டு பிரேக்கில் விரலை வைத்திருப்பதுதான் நம் வளைவுகளுக்கும் எதிரே வரும் லாரிகளுக்கும் ஏற்றது. 11 பல்லை எல்லா ரோடு பைக்கிலும் வைத்துவிட்டு, கடைசியில் 34 வைக்கத் தயங்கிய காலத்தில், பயன்படாத ஒன்றுக்காகப் பயன்படும் ஒன்றை விட்டுக்கொடுத்திருக்கிறோம்.

எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதை அவரவர் கணக்கிட்டுக்கொள்ளலாம். திறன்மானி தேவையில்லை. வழக்கமாக ஏறும் மலையில், பேசினால் சொற்கள் விட்டுவிட்டு வரும் அளவு மூச்சோடு தொடர்ந்து ஏறும்போது கிடைக்கும் வேகத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை 16.7-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்று வரும். அதை விரும்பும் மிதிவேகத்தாலும் பிறகு 2.1-ஆலும் வகுத்தால் தேவையான கியர் விகிதம் கிடைக்கும். மணிக்கு 8 கிலோமீட்டரில் 65 சுற்று வேண்டும் என்பவருக்கு 0.98 என்று வரும், 34/34 போதும். மணிக்கு 6.5 கிலோமீட்டர் என்றால் 0.79, அவர் 46/30 கிராங்கோடு 34 பல்லைவிடப் பெரிய கேசட்டையும் யோசிக்க வேண்டியவர். முன்பின் தெரியாத மலைகளுக்கும் வளைவுகளின் உள்விளிம்புகளுக்குமாக, கிடைத்த விகிதத்திலிருந்து மேலும் ஒரு படி குறைத்து வைத்துக்கொள்வது நல்லது.

மாற்றிய பிறகு வண்டியைத் தாங்கியில் ஏற்றி, பெரிய செயின்ரிங்கிலிருந்து பெரிய பல்சக்கரத்துக்குக் கையால் மெல்லச் சுற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். செயின் விறைக்காமல் டீரெய்லர் கூண்டு சற்றேனும் மடங்கி நிற்க வேண்டும். சிறியதற்குச் சிறியது என்று மாற்றும்போது செயின் தொய்ந்து கூண்டில் உரசக்கூடாது. உள் எல்லைத் திருகைப் புதிய கேசட்டுக்கு ஏற்ப மீண்டும் சரிசெய்வதை எக்காரணம் கொண்டும் தள்ளிப்போடக்கூடாது. அது தளர்வாக இருந்தால், செங்குத்தில் கடைசிக் கியரைத் தேடும் அந்த நொடியில் செயின் பெரிய பல்சக்கரத்தைத் தாண்டி ஆரக்கம்பிகளுக்குள் விழும். தாங்கியில் சரியாக மாறும் கியர், காலின் சுமை ஏறும்போது தயங்குவதுண்டு. ஆகவே ஊருக்குள் இருக்கும் ஏதாவதொரு பாலத்திலோ மேட்டிலோ பலமுறை ஏறி இறங்கி, கேபிளின் இழுப்பைத் திருத்திக்கொண்ட பிறகே மலைக்குக் கிளம்ப வேண்டும்.